ஆறரை மணிக்கு உள்ளே வந்த காட்டேரி

அநியாயம் யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்புறம் யாரும் வந்து இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கக் கூடாது. கரிசல் காட்டுக்கு நடுவே, காற்றாலைகள் சூழ நிற்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் இருந்த முன்னூற்றுச் சொச்சம் பெண்களில் ஒருத்திகூட, அங்கே வந்து சேர்ந்த நாள் முதல், ஒரே ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு விட்டதும் பழைய கலையரங்கத்தில் திரைப்படக் கழகம் படம் போடும். பெண்கள் விடுதியின் கேட்டை ஆறரைக்குப் பூட்டுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கேட்டே கிடையாது, இருந்த ஒன்றும் துருப்பிடித்து விழுந்து, விழுந்த இடத்தில் பையன்கள் அதன் மேல் ஜீன்ஸ் காயப்போட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், திரையில் யாராவது யாரையாவது காதலிக்கத் துணிகிற நேரமாகப் பார்த்து, விடுதி வாசலிலிருந்து வாட்ச்மேன் மாசானத்தின் விசில் கேட்கும், நாற்காலிகள் தரையில் தேயும், முன்னூறு ஜோடிச் செருப்புகள் இருட்டில் தங்கள் தங்கள் காலைத் தேடும், பின்வரிசையிலிருந்து "மறைக்காதீங்கம்மா!" என்று எவனாவது கத்துவான். கப்பல் கிளம்பியதை அந்தப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள், கரை சேர்ந்ததா தெரியாது. கொலை விழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள், கொன்றவன் யாரென்று தெரியாது. பிரிந்துபோன எத்தனையோ பேர் அவர்களைப் பொறுத்தவரை இன்னும் பிரிந்தேதான் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் கேண்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, திரைப்படக் கழகச் செயலாளன் அறவாழி, தமிழ்த்துறை ஆராய்ச்சி மாணவன், பெண்களுக்கு முடிவைச் சொல்வான். கேட்காமலேயே சொல்வான். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

"முடிவைச் சொல்றதுக்கு நீ யாருடா?" என்று ஒருநாள் அங்கை கேட்டாள். "நான் பார்க்க வேண்டியதை நீ பார்த்துட்டு வந்து எனக்குப் பிச்சை போடறியா?"

"ஐயோ, ஒரு உதவிதானே அங்கை?"

"உதவி பண்ணணும்னா எங்களோட சேர்ந்து நீயும் ஆறரைக்கு எழுந்து போ."

அங்கை என்பது அங்கயற்கண்ணி. திருமங்கலத்துக்காரி, முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு, வாயைத் திறந்தால் எதிராளி ஊர் போய்ச் சேர்கிற வரைக்கும் விடமாட்டாள் என்று பெயரெடுத்தவள். கேட் நேரத்தைப் பற்றி வார்டன் டாக்டர் சௌந்தரவல்லியிடம் அவள் கொடுத்த மனுக்கள் பல. ஒவ்வொரு முறையும் வார்டன் மனுவை மடித்து, கண்ணாடியைக் கழற்றி, ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இருட்டினப்புறம் வெளியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" அதற்கு மட்டும் அங்கையிடம் பதில் இருந்ததில்லை. தெரியாதுதான். எப்படித் தெரியும்? பூட்டி வைத்துவிட்டு, வெளியே என்ன இருக்கிறது தெரியுமா என்று கேட்டால் அது என்ன கேள்வி என்று ராத்திரியெல்லாம் அவள் தலையணையோடு வாதாடுவாள். கடைசி மனுவின்போது வார்டன் இன்னொன்றும் சொன்னார்: இனி ஒரு மனு வந்தால் அப்பாவுக்குக் கடிதம் போகும். அங்கையின் அப்பா உரக்கடைக்காரர். ஒரு புகார் வராத வரைக்கும் படி, வந்த அன்றைக்கே பெட்டியைக் கட்டு என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு கடிதம் போதும், முதுகலையும் கிடையாது, அதற்குப் பிறகு அவள் ஆசைப்பட்டு வைத்திருந்த ஆராய்ச்சியும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஜப்பானியப் படத்தைப் போட்டார்கள். பொம்மைப்படம்தான், ஆனால் பிள்ளைகளுக்குப் போடுகிற பொம்மைப்படம் இல்லை. படம் முழுக்க இருட்டு, இருட்டுக்குள் மழை, மழைக்குள் கல்லாலான ஒரு நகரம், நகரத்தின் கோபுரங்களில் மனித ரத்தம் குடித்துக் குடித்துச் சாகாமல் கிடக்கிற பிரபுக்கள், அவர்களை ஒவ்வொருவராக வேட்டையாடிக்கொண்டு வருகிறவள் கசுமி, அவளும் பாதி மனுஷி பாதி ரத்தக் காட்டேரி, கறுப்பு நீளக் கோட்டு, அதற்கு உள்பக்கம் சிவப்புத் துணி, அவளைவிட உயரமான ஒரு வாள். சப்டைட்டில் எழுதியது அறவாழி. எனவே எல்லோரும் செந்தமிழ் பேசினார்கள். கசுமி மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறிவிட்டாள், ஓநாய்கள் சூழ்ந்துவிட்டன, கடைசிப் பிரபு திரும்பி நின்று உதட்டைத் துடைத்துக்கொண்டான், மாசானம் விசில் ஊதினார்.

முன்னூறு பெண்கள் எழுந்தார்கள். செருப்புத் தேடினார்கள். போனார்கள்.

திரையில் கசுமி அதைப் பார்த்தாள். அவள் தொழில் அப்படி. பொழுது சாய்கிற நேரத்தில் பெண்கள் கூட்டமாக ஓடினால், அவர்களுக்குப் பின்னால் ரத்தம் குடிக்கிற ஏதோ ஒன்று வருகிறது என்றுதான் அவளுக்கு அர்த்தம், இத்தனை நூற்றாண்டாக அவள் கண்டதும் அதுதான். ஆகவே பிரபுவிடம் கையைக் காட்டி இரு என்று சொல்லிவிட்டு, வாளை உறையில் போட்டுக்கொண்டு, திரையின் கீழ்விளிம்பில் ஒரு காலை வைத்து மேடையில் இறங்கி, மேடையிலிருந்து தரைக்கு இறங்கி, வரிசையின் கடைசியில் போய்க்கொண்டிருந்த விலங்கியல் மாணவிகளுக்குப் பின்னால் நடந்தாள். யாரும் அலறவில்லை. அலறுவதற்கு நேரம் இல்லை, கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

காட்டேரி இனத்துக்கு ஒரு சட்டம் உண்டு: வீட்டார் வாய்திறந்து அழைக்காமல் எந்த வாசலையும் அவர்கள் தாண்ட முடியாது. கசுமி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ வாசல்களில் அவள் அப்படி நின்றிருக்கிறாள், எந்த வீட்டிலும் அவளை யாரும் எளிதில் அழைத்ததில்லை, கதவிடுக்கு வழியாகத்தான் பேசுவார்கள். இங்கே மாசானம் இருந்தார். இருட்டின பிறகு வெளியே நிற்கிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மாசானத்தின் வாயில் தானாக வருவது ஒன்றுதான், இருபது வருஷமாக அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இன்னும் வெளிய நிக்கிய? உள்ள போ தாயி, உள்ள போ. இருட்டிட்டுல்லா."

கசுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, காற்றில், வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் ஓடியது: "பெரியீர், நும் விருந்தோம்பலை யாம் மறவோம்."

"கொஞ்சம் நில்லும்மா, படிச்சுக்கிடுதேன்" என்று மாசானம் குனிந்தார். படித்துவிட்டு, "சரி சரி, உள்ள போ" என்றார்.

முன்கூடத்தில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, வாளின் பிடியில் கைவைத்துக் கேட்டது: "அரக்கன் எங்கே? இருள் கண்டதும் ஓடினீரே, உம்மைத் துரத்தியது யாது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வார்டன்" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

"ரூல்" என்றாள் அங்கை.

"அதற்கு எத்தனை தலை?"

"தலை ஒண்ணுதான். ஆனா காது கிடையாது."

சத்தம் கேட்டு வார்டன் வந்தார். வேதியியல் பேராசிரியை அவர், எதைப் பார்த்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். மழை ஈரம் சொட்டுகிற கோட்டையும், வாளையும், காற்றில் தொங்குகிற எழுத்துகளையும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, "மாசானம், இது ஆறரைக்குள்ள உள்ள வந்ததா?" என்றார்.

"வந்துட்டு மேடம்."

"அப்ப சரி. பந்தியில கூட ஒரு தட்டு வைக்கச் சொல்லு."

அங்கையின் அறையில்தான் இடம் இருந்தது. கூட இருந்தவள் ஜெபசெல்வி, நாசரேத்துக்காரி. சிலுவை கோத்த சங்கிலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, வந்த விருந்தாளிக்கு ஒத்துக்கொள்ளாததை எதற்குக் கழுத்தில் தொங்கவிட வேண்டும், ஆண்டவர் ஒன்றும் நினைக்க மாட்டார் என்றாள். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டினார்கள். பகலெல்லாம் கசுமி அங்கையின் கட்டிலுக்கு அடியில் மரப்பலகையில் மல்லாந்து தூங்கினாள், விளாத்திகுளத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஓர் அம்மா குனிந்து பார்த்து, "லெச்சணமா இருக்கே பிள்ள, எந்த ஊரு? மாப்பிள்ள பாக்குதாகளா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சாப்பாடுதான் முதலில் சிக்கலாக இருந்தது. ரசத்தின் ஆவி பட்டதும் கசுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காகத் தும்மினாள், பூண்டு ஆகாது. மெஸ்ஸில் சமைக்கிற பேச்சித்தாய் அக்கா இடுப்பில் கைவைத்து யோசித்தாள். காட்டேரிக்கு என்ன பிடிக்கும் என்று பேச்சித்தாய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் குடும்பத்தில் மாசமாயிருக்கிற பெண்ணுக்கு நல்லபடியாகப் பேறு ஆகவேண்டுமென்று காட்டேரிக்கு முருங்கைக்கீரையும் கருவாடும் படைக்கிற வழக்கம் உண்டு, தலைமுறை தலைமுறையாகப் படைத்த சாமி இப்போதுதான் நேரில் வந்து தட்டோடு உட்கார்ந்திருக்கிறது. கீரையையும் கருவாட்டையும் கசுமி மரியாதைக்குத் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தபோது பேச்சித்தாய் கடைக்காரரிடம் சொல்லி ஆட்டு ரத்தத்தைத் தூக்குவாளியில் வாங்கிவந்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, தேங்காய்த்துருவல் போட்டு, பூண்டு மட்டும் போடாமல், சுண்டச் சுண்ட ரத்தப் பொரியல் செய்து இலையில் வைத்தாள். கசுமி ஒரு வாய் எடுத்தாள். சப்டைட்டில் வர நேரமாயிற்று. எல்லோரும் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை நூற்றாண்டு யாம் இதைப் பச்சையாகவா பருகினோம்?"

"பாவம், சமைச்சுக் குடுக்க ஆளில்ல" என்றாள் பேச்சித்தாய், இன்னொரு கரண்டி வைத்தபடி.

அதன் பிறகு அவள் விடுதியின் பெண்ணாகிவிட்டாள். கண்ணாடியில் அவள் உருவம் விழாது. ஆகவே ஒரே ஒரு கண்ணாடிக்கு அடித்துக்கொள்கிற பெண்களுக்கு அவளைப் போல ஒரு நல்ல அறைத்தோழி வாய்த்ததில்லை, முறைவைத்து அவளுக்குத் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டார்கள். சாயங்காலங்களில் மெஸ்ஸில் வாளை உருவி ஒரு மூட்டை வெங்காயத்தையும் ஒரே மூச்சில் அரிந்து போட்டாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கொசுக்கள் அவளைத் தங்கள் பெரிய வீட்டுப் பெண்ணாகக் கண்டு, அவள் இருக்கிற விடுதியில் ரத்தம் எடுப்பது மரியாதையில்லை என்று கூட்டமாக ஆண்கள் விடுதிக்குக் குடிபெயர்ந்தன. அறிவியல் மாணவிகள் அவளுக்கு நாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, ஆனால் யோசித்து யோசித்துத்தான் துடித்தது. மாசானத்தின் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகம் அவள் புண்ணியத்தில் கூடிவிட்டது. வீட்டில் பெண்டாட்டியிடம் "யாம் உண்டோம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கலையரங்கத்தில்தான் நிலைமை மோசம். படம் நிற்கவில்லை; புரொஜெக்டரை அணைத்தார்கள், அப்போதும் ஓடியது; ஒயரைப் பிடுங்கினார்கள், அப்போதும் ஓடியது. மணிக்கூண்டில் மழை பெய்துகொண்டே இருந்தது, ஓநாய்கள் படுத்துப் பாதத்தை நக்கின, கடைசிப் பிரபு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தான், பிறகு கொட்டாவி விட்டான், கோரைப்பல் தெரிந்தது. பையன்கள் தினமும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருநாள் மத்தியானம் அறவாழி விடுதி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகமெல்லாம் கொசுக்கடி.

"அங்கை, அவங்களை எப்படியாவது அனுப்பிவை. பசங்க யாருக்கும் தூக்கம் இல்லை. முடிவு என்ன ஆகும்னே தெரியலை, தெரியுமா, நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி பண்ணுது."

"தெரியுமாவா?" என்றாள் அங்கை, கையைக் கட்டிக்கொண்டு. "எங்களுக்கா? எங்க நெஞ்சுக்குள்ள நூத்துக்கணக்குல படம் பாதியில நிக்குது அறவாழி. உனக்கு ஒண்ணுதானே, பொறுத்துக்கோ."

ஆனால் அன்று சாயங்காலம் கசுமிக்குச் சடை பின்னும்போது ஜெபசெல்வி கையை நிறுத்திவிட்டாள். கோட்டின் உள்பக்கச் சிவப்பு செங்கல் நிறமாக இருந்தது. மறுநாள் ரோஸாக இருந்தது. அதற்கடுத்து அந்த ரோஸும் போய், கூந்தலின் கறுப்பு சாம்பலாகி, கன்னத்தின் விளிம்பில் பென்சில் கோடு தெரிய ஆரம்பித்தது. ஜெபசெல்வி கலர் பென்சில் வாங்கிவந்து கோட்டின் உள்பக்கத்துக்கு நிறம் தீட்டினாள், குளித்ததும் போய்விட்டது. "என்னட்டி இப்படி வாடிட்ட?" என்று பேச்சித்தாய் பொரியலை ஊட்டிவிட்டாள், அதுவும் ஏறவில்லை.

கசுமி சுவரில் சாய்ந்து சொன்னாள். எழுத்துகள் மங்கலாக இருந்தன, ஒரு டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. "எம்மைத் தீட்டியவர்கள் இரவைக் குழைத்துத் தீட்டினர். பகலில் யாம் வெளியேற இயலாது, இரவில் நீவிர் வெளியேற விடுவதில்லை. இருளில் நடவாது போனால் எம் நிறம் நில்லாது."

"பூட்டை வெட்டிட்டுப் போக வேண்டியதுதானே? வாள் இருக்கே!"

"வீட்டார் சொல்லி உட்புகுந்தோர் வீட்டுத் தலைவி சொல்லியே வெளியேறல் வேண்டும். அதுவும் எம் சட்டம்."

அங்கைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காட்டேரிக்கே ரூலா! அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல், வார்டன் அறைக்குப் போனாள். மனு எழுதவில்லை. எழுதினால் கடிதம் போகும். வாயால் கேட்டால் போகாது என்று ஒரு சின்ன நப்பாசை.

வார்டன் கசுமியின் கோட்டு நுனியைப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். "வெளிறிப் போயிருக்கு" என்று ஒப்புக்கொண்டார். "வெளியே போகணும்னா பெற்றோர் அனுமதி வேணும்."

"அவங்க பேரண்ட்ஸ் போய்ச் சேர்ந்து பல நூறு வருஷம் ஆச்சு மேடம்."

"அப்ப லோக்கல் கார்டியன்."

"நானே இருக்கேன்."

"நீயே வெளியே போக முடியாது, நீ எப்படி கார்டியன்?" வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கயற்கண்ணி, நான் யாருக்கும் எதிரி இல்லை. இருட்டினப்புறம் வெளியில என்ன இருக்குன்னு…"

"அரக்கன் உளனோ?" கசுமி நிமிர்ந்தாள். மங்கின எழுத்துகள்கூட ஒரு கணம் பளிச்சென்றன. "எங்கே என்று மட்டும் காட்டுக. விடிவதற்குள் அவன் தலை உம் மேசைமேல் இருக்கும்."

"தலையெல்லாம் வேண்டாம்மா" என்றார் வார்டன் அவசரமாக. "அப்படி ஒரு ஆளுன்னு இல்லை. பொதுவா… பசங்க இருப்பாங்க. வெளியாட்கள் வருவாங்க."

"அவர்களால் தீங்கு எனில் பூட்டை ஏன் இங்கே தொங்கவிட்டீர்?"

வார்டன் கழற்றிய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். கசுமி கேட்டாள்: "நீர் இறுதியாக இருளில் நடந்தது எப்போது?"

வார்டனின் குவார்ட்டர்ஸ் விடுதி மதிலுக்கு உள்ளேதான், அந்தப் பூட்டு அவருக்கும் சேர்த்துத்தான். அவர் படித்ததும் இதே விடுதியில், அப்போது கேட்டை ஆறு மணிக்கே பூட்டுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதுவரை யோசித்ததில்லை. வார்டன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் மேசையைத் துடைத்தார். "இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தா, உங்கப்பாவுக்கு எழுதிடுவேன்" என்றார். நப்பாசை அதோடு போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து கசுமி எழுந்தபோது அவளிடம் நிறமே இல்லை. பென்சில் கோடுகள் மட்டும், அவற்றின் வழியே பின்னால் இருக்கிற பக்கெட் தெரிந்தது. அங்கையும் ஜெபசெல்வியும் ஆளுக்கொரு கோட்டைப் பிடித்தமாதிரி அவள் தோளைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் அறை அறையாகக் கதவு திறந்தது, ஈரத்தலையோடு வந்தார்கள், பாதி சாப்பிட்ட கையோடு வந்தார்கள், கேட்டுக்கு முன்னால் முன்னூற்றுச் சொச்சம் பேரும் வந்து நின்றார்கள். மாசானம் பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே தவித்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து வார்டன் விறுவிறுவென்று வந்தார்.

அங்கை எத்தனையோ வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள், அரசியல் சட்டத்திலிருந்து இரண்டு, பல்கலைக்கழக விதிகளிலிருந்து மூன்று. பக்கத்தில் நின்ற கசுமியின் கை அவள் கைக்குள் காகிதம் போல இருந்தது. வாதங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"மேடம், எங்கப்பாவுக்கு லெட்டர் எழுதிடுங்க" என்றாள். "நாளைக்கே பெட்டியைக் கட்டறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். இவங்களை மட்டும் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இவங்களால வாசலைத் தாண்ட முடியும். இன்னைக்குத் தவறிட்டா நாளைக்கு இவங்க இருக்க மாட்டாங்க."

வார்டன் கசுமியைப் பார்த்தார்; கசுமி வழியாகக் கேட்டைப் பார்த்தார்; கேட்டு வழியாக வெளியே பார்த்தார், தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவருக்கும் வாயில் தானாக வருகிற பேச்சு ஒன்று உண்டு, எல்லா வார்டன்களுக்கும் அம்மாக்களுக்கும் வருவதுதான், இருட்டின பிறகு ஒரு பெண் வெளியே கிளம்பினால் யோசிக்காமல் வருவது.

"இந்த நேரத்துல தனியாவா போறது? நல்லாருக்கே! துணைக்கு ஆள் இல்லாம ஒருத்தியும் போகக் கூடாது. யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, "போ" என்று வார்டன் வாயாலேயே வந்துவிட்டது.

"நான் போறேன் துணைக்கு" என்றாள் ஜெபசெல்வி. "நானும்" என்றாள் விலங்கியல்காரி. "நானும் வாறேன், அடுப்ப அணைச்சுட்டேன்" என்றாள் பேச்சித்தாய். நானும் நானும் நானும் என்று அந்தச் சொல் கூடத்தைத் தாண்டி, மாடியைத் தாண்டி, மொட்டைமாடித் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வார்டன் வாயைத் திறந்தார், மூடினார், சொன்னது சொன்னதுதான். மாசானம் அதற்குள் பூட்டைக் கழற்றிவிட்டிருந்தார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார் மாசானம், அந்த நேரத்தில் அந்த வாசலில் அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் தடுமாறியது. சொல்லிவிட்டு, சாவியைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு, அவரும் பின்னால் நடந்தார். அவரும் ஒரு படத்தின் முடிவையும் பார்த்தவரில்லை.

அப்படியாக முன்னூறு பெண்கள் இருட்டுக்குள் நடந்தார்கள். தினமும் காலையில் தரையில் உதிர்ந்து கிடப்பதாக மட்டுமே அவர்கள் அறிந்திருந்த மரமல்லிப் பூக்கள் அந்நேரம் மரத்திலேயே கொத்துக் கொத்தாய் விரிந்து தலைக்கு மேல் வாசனையைக் கொட்டின, காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் ஒன்றுக்கொன்று கண்ணடித்துக்கொண்டன, தார்ச்சாலை பகல் சூட்டை இன்னும் வைத்திருந்தது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் கசுமிக்கு நிறம் ஏறியது, முதலில் கூந்தலுக்குக் கறுப்பு, பிறகு உதட்டுக்கு, பிறகு கோட்டின் உள்பக்கத்துக்குச் சிவப்பு. நிறம் ஏறியதும் வாளை உருவிக்கொண்டு அரக்கனைத் தேட ஆரம்பித்தாள். நூலகத்துக்குப் பின்னால் பார்த்தாள், இரண்டு நாய்கள் இருந்தன, கூடவே வந்துவிட்டன. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் காலடி கேட்டுப் பாய்ந்தாள். பல்கலைக்கழகப் பதிவாளர் அரைக்கால் டவுசரோடு ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்தார், தொப்பை குறைய வேண்டுமாம், யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மெயின் ரோட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் வெளியாட்கள் இருவர் வந்தார்கள். சாலையோரத்தில் பெண்ணைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம், குறைத்தார்கள், ஒருவன் விசிலடிக்க வாயைக் குவித்தான், அதற்குள் விளக்கொளியில் முன்னூறு முகங்களும் திரும்பி அவனைப் பார்த்தன. கசுமி வாளை ஓங்கக்கூட இல்லை. வண்டியை அணைத்து, இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, மெயின் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள்.

"சுருதி சேரலியோ தம்பி?" என்று பேச்சித்தாய் பின்னாலிருந்து கேட்டாள். பெண்களின் சிரிப்பு காற்றாலை வரைக்கும் போயிற்று.

கலையரங்கத்தில் பையன்கள் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நுழைந்ததும் எழுந்தார்கள். யாரும் மறைக்காதே என்று கத்தவில்லை, நடு வரிசையெல்லாம் காலியாயிற்று. அறவாழி ஓரமாகச் சுவரோடு நின்றுகொண்டான். கசுமி மேடையில் ஏறி, அங்கையின் பக்கம் திரும்பினாள். கனகாம்பரம் இன்னும் சடையில் இருந்தது. குனிந்து வணங்கி, ஒரு காலைத் தூக்கித் திரையின் கீழ்விளிம்பில் வைத்து, உள்ளே போனாள். ஓநாய்கள் எழுந்து சோம்பல் முறித்தன. பிரபு பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான், அவன் முழங்காலுக்குக் கீழே எழுத்து ஓடியது: "ஏன் இத்தனை தாமதம்?"

அதற்குப் பிறகு நடந்த சண்டையும், மணிக்கூண்டு என்ன ஆயிற்று என்பதும், மழை நின்றதா இல்லையா என்பதும் இங்கே சொல்லப்படாது. முடிவை இன்னொருவர் வாயால் கேட்பது எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களின் கதை இது. ஒன்று மட்டும் சொல்லலாம்: கடைசி எழுத்து வரைக்கும், அதற்குப் பின்னால் வருகிற வெறும் இருட்டு வரைக்கும், ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். ஜெபசெல்வி மூக்கைச் சிந்தினாள். மாசானம் முன்வரிசையில் விசிலை வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினார், இந்த முறை சந்தோஷத்தில்.

திரும்பி வரும்போது கேட் அகலத் திறந்து கிடந்தது. வாசலில் வார்டன், மாசானத்தின் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, கேட்டுக்கு ஓரடி அந்தப் பக்கமாக, சாலையில் உட்கார்ந்திருந்தார். அங்கையின் அப்பாவுக்கு எழுதிய கடிதம் மடியில் இருந்தது. அதைத் தபாலில் சேர்க்க வேண்டிய ஆள் படத்துக்குப் போய்விட்டதால் அது அங்கேயே இருந்தது. பெண்கள் அவரைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு, சண்டையில் முதலில் வெட்டியது யார் என்று வாதாடிக்கொண்டு. அங்கை கடைசியாக வந்தாள். வார்டன் அவளை நிறுத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. சாலையையும், அதற்கு அப்பால் இருந்த இருட்டையும் பார்த்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, மெல்லக் கேட்டார்:

"வெளியில என்னதான்டி இருந்தது?"

அங்கை யோசித்தாள். அவள் வாழ்க்கையில் கொடுத்த பதில்களிலேயே அதுதான் சின்னது.

"நாங்கதான் மேடம் இருந்தோம்."